பின்வரிசையின் இடது மூலை

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணி. காலையில் வேலைக்கு வந்து சாயங்காலம் வீடு திரும்பும்வரை நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற ஒருத்திக்கு அந்தப் பெயர். வைத்த அன்று சலவைக் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள், சத்தம் வராமல். அதன்பின் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பாதி தரைக்குக் கீழும் பாதி மேலுமாகக் கிடந்த சலவைக் கூடத்தில் வேலை. மாடிகளிலிருந்து சக்கர வண்டிகளில் அழுக்குத் துணி இறங்கும். ரத்தமும் மருந்தும் வியர்வையும் ஒரே வாசனையாகக் கலந்து இறங்கும். பெரிய இயந்திரங்கள் அதை விழுங்கித் துப்பும். சூட்டு உருளைக்குள் ஈரமாக நுழைகிற பெட்ஷீட் மறுபக்கம் காகிதம்போல் விறைத்து வெளியே வரும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி வந்து. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எதிரே நிற்பவள் எப்போது இழுப்பாள், எப்போது விட்டுக்கொடுப்பாள் என்பது கைக்கே தெரிந்துவிடும். ரேடியோவுக்கு அது வாகாக இருந்தது.

அவள் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. புருஷன் வீட்டில் வாயைத் திறந்தால் அடி. மூடினால் என்ன திமிர் என்று அடி. ஒருநாள் கட்டிய துணியோடு பஸ் ஏறி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். தங்கையைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கியதே தவிர வார்த்தை வரவில்லை. குடும்ப வாகு அது. அண்ணிதான் பையை வாங்கக் கை நீட்டினாள். பை இல்லை. அதனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையக்கூடவா புடுங்கிக்கிட்டான் பாவி? சரி விடு, சுமை கொறைஞ்சது. உள்ள வா."

அண்ணி அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். அடுத்த மாதமே நாத்தனாருக்கு அங்கே வேலை. அதற்கடுத்து, கேட்காமல் கொள்ளாமல், வாலிபால்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்கள் அணி இருந்தது. இருந்தது என்றால், அண்ணி கட்டியது. சமையலறை, வார்டு, சலவை என்று எங்கெங்கோ இருந்து ஆள் பொறுக்கி, ஊரில் உள்ள மற்ற அலுவலகப் பெண்களோடு ஆட வைத்தாள். கூடத்துக்கு வெளியே, துணி உலர்த்தும் கொடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இருந்த மண் தரைதான் மைதானம்.

"எனக்கு ஆட வராது அண்ணி."

"எனக்குக் குடும்பம் நடத்தக்கூடத்தான் வராது. நடத்தல?"

"பேசவும் வராது."

"பேச வேணாம். ஒரே ஒரு வார்த்தை கத்துக்கோ. பந்து உன்கிட்ட வந்தா 'என்னுது'ன்னு கத்து. கத்தினா மத்தவங்க ஒதுங்கிடுவாங்க. அவ்வளவுதான் ஆட்டம்."

எதையும் என்னுடையது என்று சொல்லிப் பழகாத ஒருத்திக்கு அந்தச் சொல் தொண்டைக்குள்ளேயே கிடந்து உழன்றது. பந்து நெற்றியில் விழுந்தது, மூக்கில் விழுந்தது, பக்கத்தில் நிற்பவளும் அவளும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டையை மோதிக்கொண்டார்கள். அண்ணி ஒரு நாளும் திட்டவில்லை. பந்து விழுந்த இடத்துக்கு வந்து குனிந்து மண்ணைத் தொட்டுவிட்டு, "இது என் கணக்கு. அடுத்தது உன் கணக்கு" என்று சொல்லிப் போவாள். ஒரு மழைக்கால மாலையில் அந்தச் சொல் வந்தே விட்டது. எவ்வளவு சத்தமாக வந்ததென்றால், மேல்மாடி ஜன்னலில் ஒரு நோயாளி எட்டிப் பார்த்தார். அண்ணி ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஸ்டேஷன் புடிச்சிருச்சுடி!"

அணியை அவள் எப்படி ஒட்ட வைத்தாள் என்பதை ரேடியோ பக்கத்தில் இருந்தே பார்த்தாள். யாராவது இரண்டு பேருக்குள் சண்டை என்றால், அடுத்த நாள் அந்த இரண்டு பேரையும் ஒரே பெட்ஷீட்டின் இரண்டு பக்கத்தில் நிறுத்துவாள். சலவையில் வேலை பார்க்காதவர்களையும் இடைவேளையில் வரச்சொல்லி நிறுத்துவாள். கோபத்தோடு இழுத்தால் துணி கோணும். கோணினால் பிரித்து முதலிலிருந்து. ஒரு வண்டித் துணி முடியும்போது இரண்டு பேரும் எதற்குச் சண்டை போட்டோம் என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் களைத்துப் போயிருப்பார்கள். ஆட்டத்தில் புள்ளி எடுத்தால் அடித்தவளிடம் போக மாட்டாள். அதற்கு முன் பந்தைத் தரையிலிருந்து காப்பாற்றிக் கொடுத்தவளிடம்தான் முதலில் போவாள். அடித்தவளுக்குத்தான் கைதட்டல் கிடைத்துவிடுகிறதே என்பாள்.

பட்டப்பெயர் வைப்பதும் அவள்தான். பெயர் கிடைத்தால்தான் அணியில் சேர்ந்ததாக அர்த்தம். வலைக்கு மேல் தலை தெரிகிற வாட்டசாட்டமானவள் தூண். சமையலறையில் வேலை செய்கிற காரமான குள்ளச்சி மிளகா. எல்லோரையும் திருத்திக்கொண்டே இருக்கும் வார்டு ஆயா டீச்சர். சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று பயமுறுத்தும் நர்ஸ் பூனை. ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்க, அண்ணி தன் இடத்திலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் என்ன நடந்திருந்தாலும், அந்த நிமிஷத்திலிருந்து இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். கடைசியில் தானே, கரகரத்த குரலில், "நானும் இருக்கேன்" என்பாள். அதன்பிறகுதான் விசில்.

அந்த அணிகளுக்குள் இடம் மாறி ஆடுகிற வழக்கம் கிடையாது. அவரவர் இடம் அவரவருக்கு. பின்வரிசையின் நடுவில் ரேடியோ. அவளுக்கு இடது பக்கம், மூலையில், கொடிகளை ஒட்டினாற்போல் அண்ணி.

காய்ச்சல் என்று ஒருநாள் கூடத்திலிருந்து மாடிக்கு ஏறிப் போனாள் அண்ணி. இறங்கி வரவில்லை. அவள் படுத்திருந்த பெட்ஷீட் மட்டும் மற்ற துணிகளோடு வண்டியில் இறங்கி வந்தது. எது என்று தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாவற்றிலும் அதே நீல முத்திரை. அன்று வந்த ஒவ்வொன்றையும் அதுவாக இருக்குமோ என்று நினைத்தே ரேடியோ மடித்தாள்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் மறுபடி மைதானத்துக்கு வந்தபோது, கேப்டன் யார் என்ற பேச்சே எழவில்லை. அண்ணியின் நாத்தனார்தானே. டீச்சர் மட்டும், "கேப்டன்னா பேசணும். இவ வாயில இருந்து முத்து உதிர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும்" என்றாள். பிறகு அவளே ரேடியோவின் கையில் பந்தைக் கொடுத்தாள்.

ரேடியோ அண்ணியைப்போலச் செய்து பார்த்தாள். ஆட்டம் தொடங்கும் முன் சும்மா தட்டிப் பழகும்போது மிளகா ஒரு நல்ல பந்து எடுத்ததும் பக்கத்தில் போய், "சூப்பர்" என்றாள். பேருந்து நிலையத்தில் வண்டி வருகிறது என்று அறிவிக்கிற தொனியில் வந்தது அது.

"ஏ ரேடியோ," என்றாள் மிளகா, "பேட்டரி மாத்தணும்டி உனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் நல்லதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு பெயர் கூப்பிட வேண்டிய நேரம் வந்தது.

"தூண்."

"இருக்கேன்."

"மிளகா."

"இருக்கேன்."

"டீச்சர்." "பூனை." இரண்டு பேரும் சொன்னார்கள். அதற்கடுத்து அண்ணி கூப்பிடுவது ரேடியோவை. தன்னைத் தானே எப்படிக் கூப்பிடுவது? அவள் சும்மா நின்றாள். எல்லோரும் நின்றார்கள். கொடியில் படபடத்துக்கொண்டிருந்த பெட்ஷீட்டுகள் சட்டென்று காற்று நின்று நேராகத் தொங்கின. அந்த அமைதிக்குள், பின்வரிசையின் இடது மூலையிலிருந்து, ஒரு தொண்டை கரகரத்தது.

"நானும் இருக்கேன்."

யாரும் திரும்பவில்லை. தூண் தன் காலைப் பார்த்தாள். பூனை வலையைப் பார்த்தாள். காற்று மறுபடி வந்தது. ஆடினார்கள். எப்போதும் இல்லாத அளவு நன்றாக ஆடினார்கள். முடிந்து துணி மாற்றுகிற அறையில் மிளகா மெதுவாக, "யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?" என்றாள்.

"என்னது?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப கேக்காத."

அடுத்த நாளும் ரேடியோ நான்கு பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அது வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இடைவெளியை விடுவது அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கமாகிவிட்டது. பயம் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் ரோமம் நிற்கிற பயம். ஆனால் வராமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் அண்ணன் அப்போது ஆளே ஒடுங்கிப் போயிருந்தான். டிப்போவிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்காருவான். சாப்பாட்டைத் தட்டில் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். ஒருநாள் சாவியை மறந்துவிட்டு அதை வாங்க மைதானத்துக்கு வந்தான். ரேடியோ பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் அருகே அவன் நின்றதை அவள் கவனிக்கவில்லை. இடைவெளி வந்தது. குரலும் வந்தது. சாவி வாங்க வந்தவன் சாவி வாங்கவில்லை. தொட்டியின் திண்டில் உட்கார்ந்தவன் ஆட்டம் முடியும்வரை எழவில்லை.

மறுநாள் முகம் மழித்திருந்தான். தட்டைக் காலி செய்தான். பிறகு தினமும் வந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார்கள். வீட்டில் அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னைக்குப் பிராக்டிஸ் உண்டுல்ல?" என்று மட்டும் கேட்பான், சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்தவன்போல.

போட்டித் தொடர் நெருங்கியது. ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆட முடியாது. ஆறாவது ஆள் இல்லாவிட்டால் அணியின் பெயரையே அடித்துவிடுவார்கள். பூனை எங்கெங்கோ விசாரித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பிடித்து வந்தாள். கல்லூரியில் ஆடியவள். கை சுத்தம். அண்ணியைப் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பெயர் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. புதுசு என்றார்கள். அது பெயர் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

இருந்த ஒரே காலி இடம் இடது மூலை. புதுசு அங்கே நின்றாள். ரேடியோ வழக்கம்போல நான்கு பெயரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். குரல் வந்தது. புதுசு விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெள்ளைத் துணிகள் மட்டும் தொங்கின.

அன்று அவள் பக்கம் வந்த ஒரு பந்தையும் அவள் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியாதவள் இல்லை. பந்து வரும், கால் நகரும், கை சேரும், கடைசி நொடியில் ஒதுங்கிவிடுவாள். பந்து மண்ணில் விழும். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். அந்த மூலைக்குப் போகிற பந்தை நாம் ஏன் தொட வேண்டும் என்பதுபோல, எல்லோர் கால்களும் தாமாகவே விலகின. விழுந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் போட்டியில் தபால் அலுவலகப் பெண்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தைப் பிடித்துப் பிடித்து அங்கேயே போட்டார்கள். தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை, துடைத்து எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் அண்ணன் கேட்டான். "அந்தப் பொண்ண ஏம்மா அங்க நிறுத்துறீங்க?"

"ஆறு பேரு வேணுமேண்ணா."

"ஆறு பேரு இருக்கீங்களே."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் புதுசு பயிற்சிக்கு வரவில்லை. ரேடியோ மதிய இடைவேளையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். சிறிய அறை. ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. புதுசு ஒரு கிழவரின் கையில் நரம்பைத் தடவித் தேடி, அவர் முகம் சுளிக்கும் முன் ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை அழுத்தி அனுப்பினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உக்காருங்கக்கா. ரத்தம் எடுக்கவா?"

ரேடியோ தலையாட்டி மறுத்தாள். சும்மா உட்கார்ந்தாள். அண்ணியாக இருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள். ரேடியோ குப்பிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவள் எழுந்து போகப் போவதில்லை என்று தெரிந்ததும் புதுசு தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"நான் பயந்தாங்கொள்ளி இல்லக்கா. தெனமும் ரத்தத்துல கை வைக்கிறவ. ஆனா அந்த மூலையில பந்து வரும்போது என் காதுகிட்ட யாரோ 'என்னுது'ன்னு சொல்றாங்க. ஆட்டத்துல ஒருத்தர் அப்படிச் சொன்னா ஒதுங்கணும்ல? ஒதுங்கிடுறேன். அப்புறம் பாத்தா யாருமில்ல. பந்து கீழ கெடக்கு."

ரேடியோ கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கெட்ட குரல் மாதிரி இல்ல. அதுதான் இன்னும் ஒரு மாதிரியா இருக்கு. அவங்க அவங்க வேலையப் பாக்குறாங்க. நான்தான் குறுக்க நிக்கிறேன்." அவள் கையுறையைக் கழற்றினாள். "பேரு கூப்பிடும்போது நானும் அங்கதான் நிக்கிறேன். நீங்க எல்லாரும் என் தோளுக்கு மேல பாக்குறீங்க. என்னப் பாக்கல. நான்தான் பேய் மாதிரி இருக்கேன் அங்க. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வர்றேன், சொன்ன வாக்குக்காக. அதோட நிறுத்திக்கிறேங்க்கா."

சுழலும் இயந்திரம் தானாகவே வேகம் குறைந்து நின்றது. ரேடியோ எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "வா" என்று மட்டும் சொன்னாள்.

படியிறங்கும்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். அந்த இடைவெளியை விட்டுக்கொண்டே இருந்தால் இந்தப் பெண் போய்விடுவாள். அணி கலையும். அண்ணி கட்டியதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இடைவெளியை மூடிவிட்டால் குரல் போய்விடும். தொட்டித் திண்டில் உட்கார்ந்திருப்பவன் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதைச் செய்ய வேண்டியவள் அவள்தான். வேறு யாருக்கும் அதைத் தொட உரிமை இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

"அண்ணா, இன்னைக்கு நீ வராத."

"ஏன்?"

அவள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"மேட்ச் நாளாச்சே," என்றான். "மேட்ச் அன்னைக்கு எப்பவும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுவா."

ஆட்டம் அவர்கள் மைதானத்தில்தான். மின்சார அலுவலக அணி வந்திருந்தது. தபால் அலுவலகத்துக்காரிகள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், எதிரணிப் பெண்கள் வந்ததும் வராததுமாக இடது மூலையைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். வானம் மூடியிருந்தது. கொடிகள் நிறையத் துணி. உலர்த்தும் இயந்திரம் ஒன்று பழுதாகி, ஈரத் துணியெல்லாம் வெளியே வந்திருந்தது. புதுசு தன் இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் திண்டில் உட்கார்ந்திருந்தான், முழங்காலில் கை வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து.

"தூண்."

"இருக்கேன்."

"மிளகா."

"இருக்கேன்."

"டீச்சர்."

"இருக்கேன்."

"பூனை."

"இருக்கேன்."

காற்று நின்றது. துணிகள் நேராகத் தொங்கின. நான்கு பேரும் தலை குனிந்தார்கள். மூலையில் யாரோ பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்கிற சத்தம் ரேடியோவுக்குக் கேட்டது. அந்த மூச்சை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அடுத்த அறையில் ஆண்டுக்கணக்கில் கேட்ட மூச்சு. அது முடிவதற்குள், இடப்பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்து, ரேடியோ கூப்பிட்டாள்.

"ஊசி."

யாருக்கும் புரியவில்லை. புதுசு பின்னால் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் இருக்கிற யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

"உன்னத்தான்," என்றாள் ரேடியோ. "ஊசி."

அவள் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். "இருக்கேன்," என்றாள். பாதிக் குரல்தான் வந்தது.

ரேடியோ காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தன்னால் முடியாது என்று தெரியும்.

"நானும் இருக்கேன்."

அவளுடைய சொந்தக் குரல். அறிவிப்புக் குரல், பேட்டரி தீர்ந்த குரல். அண்ணியின் சொல்லை அண்ணியின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. மூலையில் இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை. அத்தனை கொடித் துணியும் ஒரே சமயத்தில் படீரென்று உதறிக்கொண்டது. மிளகா, "அம்மா" என்று முனகினாள். டீச்சர் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் முகத்தைத் துடைக்கவில்லை. திண்டிலிருந்து அண்ணன் எழுந்தான். ரேடியோவைப் பார்த்தான். அவள் இதுவரை பார்த்திராத பார்வை. திரும்பிக் கேட்டைப் பார்த்து நடந்தான்.

விசில் ஒலித்தது. முதல் பந்தை எதிரணிக்காரி இடது மூலைக்கே போட்டாள். உயரமாக, சாவகாசமாக வந்தது அது. தூணின் கால் விலகியது. பூனையின் கால் விலகியது. ரேடியோ விலகாமல் நின்றாள், ஆனால் பந்துக்குப் போகவில்லை. அது அவளுடையது இல்லை.

ஊசி பந்துக்குக் கீழே வந்தாள். வழக்கம்போல உடம்பு ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்கவில்லை. கூட்ட நெரிசலில் வயதில் மூத்தவர்களிடம் வழி கேட்கிறவள்போல, பணிவாக, ஆனால் நிற்காமல் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா. என்னுது!"

பந்து அவள் கையிலிருந்து அழகாக எழும்பியது. டீச்சர் தூக்கிக் கொடுத்தாள், தூண் அடித்தாள், எதிர்ப்பக்கம் மண் தெறித்தது. அந்த நேரத்தில் ரேடியோவின் இடது கையை ஏதோ உரசிக்கொண்டு போனது. காற்று என்று நினைத்துக்கொண்டாள். தூணைச் சுற்றி எல்லோரும் கூடிக் கத்தினார்கள். ரேடியோ தூணிடம் போகவில்லை. மூலைக்குப் போய் ஊசியின் முன் நின்றாள். அவள் தோளைப் பிடித்து ஒரு முறை குலுக்கினாள். ஊசி அழுகையும் சிரிப்புமாக, "குத்துச்சாக்கா?" என்றாள்.

"ஊசின்னா குத்தத்தானடி செய்யும்," என்றாள் பின்னாலிருந்து மிளகா. "எங்களுக்குப் பேரு வைக்கும்போது இவ்வளவு யோசிச்சாங்களா பாரு."

அந்த ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் கடைசிப் பந்து வரை இழுத்தடித்துத் தோற்றார்கள். இரண்டாவது செட்டுக்கும் மூன்றாவது செட்டுக்கும் முன்னால் ரேடியோ பெயர் கூப்பிட்டாள். ஐந்து பெயர், பிறகு தன் குரல், பிறகு விசில். நடுவில் எதுவும் வரவில்லை. முடிந்து எல்லோரும் வியர்வையோடு படியில் உட்கார்ந்திருந்தபோது ஊசி, "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். டீச்சர் பதில் சொன்னாள். அவள் நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்ததை யாரும் நினைவுபடுத்தவில்லை.

ரேடியோ வீட்டுக்கு மெதுவாக நடந்தாள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் வீடு வந்துவிட்டது. விளக்குப் போட்டிருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு நின்றான். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நின்றாள். அடி வாங்கிய வீட்டில் நிற்பதுபோல, தன்னை அறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டேன்னு நெனச்சியா?" என்றான் அவன். "கேட்டுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்."

"அண்ணா..."

"உன்ன ஒண்ணும் சொல்லலம்மா." குழாயை மூடினான். இன்னும் திரும்பவில்லை. "அந்தப் பொண்ணு யாரையோ தள்ளச் சொன்னா."

"ஆமா."

"தள்ளிக்கிட்டாளா?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை, கோபம் இல்லை. டிப்போவில் ஒரு வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டான். இல்லை என்று சொல்லலாம். அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணா, அந்தப் பெண் பயத்தில் ஏதோ உளறினாள் என்று சொல்லலாம். ரேடியோ யோசித்துப் பார்த்தாள். மூலைக்கு இடப்பக்கம் கோடும் கொடியும். பின்னாலும் கோடுதான். தள்ளிப் போவதென்றால் போக ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது.

"தள்ளிக்கிட்டாங்க," என்றாள். "என் பக்கமா வந்துதான் போனாங்க."

அவன் திரும்பினான். "எந்தப் பக்கம்?"

அவள் இடது கையை, முழங்கைக்கு மேலே, தொட்டுக் காட்டினாள்.

அண்ணன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். காய்ச்சல் பார்க்கிறவன்போல அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். இத்தனை தூரம் வேகுவேகென்று ஆடி, நடந்து வந்த உடம்பு அவளுடையது. மற்ற இடமெல்லாம் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது.

கையை எடுக்காமல், மிக மெதுவாக, அவன் சொன்னான்.

"சில்லுன்னு இருக்கு."